எழுபதுகளின் ராக் குழுக்கள்: பேர் வாங்காமல் போனவர்கள் யார், யாரால்?

ஊசிமுனை

லெட் செப்பெலின், பிங்க் ஃபிளாய்ட், டீப் பர்ப்பிள். இந்த மூன்று பெயர்களைத் தாண்டி எழுபதுகளைப் பேச நமக்கு வாய் வருவதில்லை. அவர்கள் பெரியவர்கள்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் மூலவரை மட்டும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறவர்களாகவே எத்தனை நாள் இருப்பது? பிராகாரத்திலும் தெய்வங்கள் நிற்கின்றன. இந்த விவாத இழை அவர்களுக்கு. யாருக்கு எந்தக் குழு நினைவுக்கு வருகிறதோ எழுதுங்கள், அதை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து.

நான் பேட்ஃபிங்கரில் தொடங்குகிறேன். வேல்ஸில் உள்ள சுவான்சி நகரத்துப் பையன்கள். முதலில் ‘ஐவீஸ்’ என்று பெயர். 1968இல் பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டு பாடிய ‘கம் அண்ட் கெட் இட்’ பால் மெக்கார்ட்னி எழுதிக் கொடுத்தது. பாட்டு ஓடியது. ஆனால் ‘குட்டி பீட்டில்ஸ்’ என்ற முத்திரை அன்று ஒட்டியதுதான், கடைசிவரை உரியவில்லை.

அதைவிடப் பெரிய அநியாயம் ‘வித்அவுட் யூ’ பாட்டின் கதை. குழுவில் இருந்த பீட் ஹாமிடம் சரணம் இருந்தது, பொருத்தமான பல்லவி அமையவில்லை. டாம் எவன்ஸிடம் பல்லவி இருந்தது, சரணம் இல்லை. இரண்டையும் ஒட்டி 1970இல் ‘நோ டைஸ்’ ஆல்பத்தில் போட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாரி நில்சன் அதை எடுத்துப் பாடினார், 1972இல் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டின் விற்பனைப் பட்டியலிலும் முதலிடம். 1994இல் மரியா கேரி பாடினார், மறுபடியும் பிரிட்டனில் முதலிடம். எழுதிய இருவரும் அந்தப் பணத்தில் நிம்மதியாக வாழ்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு.

அவர்களுடைய வரவு செலவு முழுக்க ஸ்டான் பாலி என்ற நியூயார்க் மேலாளரின் கையில் இருந்தது. குழுவினருக்கு மாதச் சம்பளம் மட்டும். வார்னர் நிறுவனத்துக்கு மாறியபோது, கொடுத்த முன்பணத்தில் ஒரு பகுதி தனிக் கணக்கில் தொடாமல் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பணம் அங்கே இல்லை. வார்னர் வழக்குப் போட்டது. 1974 இறுதியில் வெளிவந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பம் சில வாரங்களிலேயே கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. (ஃபிளாய்ட் இதே தலைப்பில் ஆல்பம் போட்டது அடுத்த ஆண்டுதான்.) அவர்களுடைய சிறந்த வேலை அது என்பது என் கட்சி. 1975 ஏப்ரலில் பீட் ஹாம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இருபத்தெட்டாவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. 1983இல் டாம் எவன்ஸும் அதே முடிவைத் தேடிக்கொண்டார்.

நான் சொல்ல வருவது இதுதான்: பல குழுக்களைக் கேட்பவர்கள் கைவிடவில்லை. இசைத்தட்டு கைக்கு வந்தால்தானே கேட்பதற்கு?

சந்தேகப் பேர்வழி

> யாரும் திரும்பிப் பார்க்கவில்லை

கொஞ்சம் பொறுங்கள். பேட்ஃபிங்கரின் மூன்று பாடல்கள் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தவை. ‘டே ஆஃப்டர் டே’ நான்காம் இடம்வரை போனது. நான்காம் இடத்துக்குப் போனவனைப் ‘பேர் வாங்காதவன்’ என்று அழைத்தால், நாற்பதாம் இடத்தைக்கூடப் பார்க்காதவனை என்னவென்று அழைப்பது? கண்ணீர்க் கதை இருக்கிற குழுவுக்கெல்லாம் ‘கவனிக்கப்படாதவர்’ பட்டம் கொடுப்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. சோகம் வேறு, புறக்கணிப்பு வேறு.

பக்கம் பி

சந்தேகம் ஐயா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் பாட்டுக்குப் பேர் வந்தது, பாடியவர்களுக்கு வரவில்லை. என் தலைமுறையில் ‘டே ஆஃப்டர் டே’ கேட்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் அதை பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் பாட்டு என்றுதான் நினைத்திருந்தார்கள். தயாரித்தவர் அவர். ஸ்லைடு கிதாரிலும் அவர் கை இருக்கிறது. அதனால் அந்தக் குழப்பம்.

எங்களுக்கு அது வந்த வழியும் அப்படி. சென்னையில் அப்போது கேசட்டில் பதிவு செய்து கொடுக்கும் கடைகள் இருந்தன. வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால், அடுத்த வாரம் போய் வாங்கிக்கொள்ளலாம். பட்டியல் முடிந்த பிறகும் நாடாவில் இடம் மிச்சமிருந்தால், கடைக்காரர் தனக்குப் பிடித்த எதையாவது போட்டு நிரப்பிவிடுவார். பெயர் எழுத மாட்டார். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இப்படி அநாமதேயமாக வந்து ஒட்டிக்கொண்ட பாட்டுகள்தான் என் இசை ரசனையில் பாதி. ‘பேபி ப்ளூ’ அப்படி வந்தது. யார் பாடியது என்று தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். 2013இல் ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் கடைசிக் காட்சியில் அது ஒலித்தபோது வீட்டில் எல்லாரும் கதையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் பாட்டின் பெயரைத் தேடி ஓடினேன்.

இன்னொன்று. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் நடந்த பங்களாதேஷ் நிவாரண நிகழ்ச்சியைப் படமாகப் பார்த்தவர்கள் ரவிசங்கரையும் ஹாரிசனையும் டிலனையும் நினைவில் வைத்திருப்பார்கள். ‘ஹியர் கம்ஸ் த சன்’ பாட்டில் ஹாரிசனுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கும் இளைஞர்தான் பீட் ஹாம். அந்த மேடையில் இரண்டே கிதார்கள். ஹாமின் விரல்களை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

ஏழாம் தந்தி

ஊசிமுனை சொன்ன ‘தட்டு கைக்கு வரவில்லை’ என்ற வாதத்துக்குச் சரியான சாட்சி பேட்ஃபிங்கர் அல்ல, பிக் ஸ்டார்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரம். அலெக்ஸ் சில்டன் பதின்வயதிலேயே ‘பாக்ஸ் டாப்ஸ்’ குழுவில் ‘த லெட்டர்’ பாடி அமெரிக்காவில் முதலிடம் பார்த்தவர். கிரிஸ் பெல், ஜோடி ஸ்டீபன்ஸ், ஆண்டி ஹம்மல் ஆகியோருடன் சேர்ந்து புதிய குழு. ஆர்டென்ட் ஸ்டுடியோவுக்கு அருகில் இருந்த மளிகைக் கடையின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். 1972இல் வந்த முதல் ஆல்பத்துக்கு ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ என்று தலைப்பு. துணிச்சல்தான்.

விமர்சகர்கள் கொண்டாடினார்கள். கடையில் தட்டு இல்லை. விநியோகம் செய்ய வேண்டிய ஸ்டாக்ஸ் நிறுவனம் கறுப்பினத்தவரின் சோல் இசையில் ராஜா. வெள்ளை இளைஞர்களின் கிதார் பாட்டை எந்தக் கடையில் வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை. பிறகு ஸ்டாக்ஸின் விநியோகம் கொலம்பியாவுக்குப் போனது. கொலம்பியா பழைய விநியோகஸ்தர்களை விலக்கியது, அவர்கள் கையில் இருந்த தட்டுகளும் போயின. அந்த உடன்பாட்டைச் செய்த கிளைவ் டேவிஸ் 1973 மே மாதத்தில் வேலையிழந்தார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அதில் அக்கறையில்லை. அதே மாதத்தில்தான் மெம்ஃபிஸில் ராக் எழுத்தாளர்களைக் கூட்டி ஒரு மாநாடு நடந்தது. பிக் ஸ்டார் மேடையேறியதும் விமர்சகர்களே எழுந்து ஆடினார்கள் என்று அன்று அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆடிய கூட்டம் தட்டை இலவசமாகப் பெறும் கூட்டம். காசு கொடுத்து வாங்க நினைத்தவனுக்குக் கிடைக்கவில்லை.

கிரிஸ் பெல் மனமுடைந்து விலகினார். 1978 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 27. சில்டன் எண்பதுகளின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸில் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அதற்குள் ஆர்.இ.எம். போன்ற அடுத்த தலைமுறைக் குழுக்கள் அவரைக் குரு என்று சொல்லத் தொடங்கிவிட்டன. 1987இல் ரிப்ளேஸ்மென்ட்ஸ் குழு அவர் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டுப் போட்டது.

இரண்டாவது ஆல்பமான ‘ரேடியோ சிட்டி’யில் உள்ள ‘செப்டம்பர் கேர்ல்ஸ்’ பாட்டை இதுவரை கேட்காதவர்கள் மீது எனக்குப் பொறாமை. முதல்முறை கேட்கும் பாக்கியம் இன்னும் அவர்களுக்கு மிச்சமிருக்கிறது.

சந்தேகப் பேர்வழி

பிக் ஸ்டாரை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. அந்தத் தட்டு நாடெங்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் உண்மையிலேயே விற்றிருக்குமா? 1972இல் அமெரிக்கா நீண்ட கிதார் ஆலாபனைகளில் மூழ்கியிருந்தது. மூன்று நிமிடப் பாட்டு பழைய சரக்காகத் தெரிந்திருக்கும். விநியோகஸ்தர் மீது பழி போடுவது ரசிகர்களாகிய நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏழாம் தந்தி

அதே ஆண்டில் ‘ராஸ்ப்பெர்ரீஸ்’ மூன்று நிமிடப் பாட்டைப் பாடி அமெரிக்காவில் ஐந்தாம் இடம் பிடித்தார்கள். ‘கோ ஆல் த வே’. சரக்கு பழையதல்ல ஐயா, லாரிதான் வரவில்லை.

பொன்மலை

திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவன். எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். வீட்டுக்காரர் பணிமனையில் ஃபோர்மன். எங்களுக்கு அவர் ‘அங்கிள்’. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய்வந்த பிறகு அவர் வீட்டு ரெக்கார்டு பிளேயர் தெருவுக்கே பாடும். வழக்கமாக ஜிம் ரீவ்ஸ். மகன் விடுமுறைக்கு வந்தால் மட்டும் விஷ்போன் ஆஷ் என்ற பிரிட்டிஷ் குழு.

‘ஆர்கஸ்’ ஆல்பம். 1972. உறையில் தலைக்கவசமும் நீண்ட அங்கியும் அணிந்த காவல்வீரன் முதுகைக் காட்டியபடி பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்பான். எங்களுக்கு அவன் அய்யனார் மாதிரித் தெரிவான், குதிரை மட்டும் இல்லை. ஆண்டி பவலும் டெட் டர்னரும் இரண்டு முதன்மைக் கிதார்களை இணையாக வாசிப்பார்கள். ஒருவர் ராகத்தைச் சொல்ல இன்னொருவர் அதே வரியை வேறு சுருதியில் கூடவே கொண்டுபோவார். பின்னால் தின் லிஸ்ஸி, அயர்ன் மெய்டன் எல்லாம் இந்த உத்தியால் உலகப் புகழ் பெற்றார்கள். மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸே ‘ஆர்கஸ்’ பற்றிப் பல இடங்களில் நன்றியோடு பேசியிருக்கிறார்.

அங்கிளின் குடும்பம் எழுபதுகளின் இறுதியில் ஆஸ்திரேலியா போய்விட்டது. தட்டுகளில் பாதியை எங்கள் தெருப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ‘ஆர்கஸ்’ என் அண்ணனிடம் போனது. இன்றுவரை எனக்குத் தரவில்லை.

சந்தேகப் பேர்வழி

‘ஆர்கஸ்’ பிரிட்டனில் மூன்றாம் இடம் பிடித்த ஆல்பம். இதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

ஊசிமுனை

செய்துகொள்ளுங்கள். 1972இல் மூன்றாம் இடம், இன்று நூறு பேரிடம் கேட்டால் மூன்று பேருக்குக்கூடத் தெரியாது. பேர் போவதிலும் பல விதம் உண்டல்லவா? பொன்மலை, உங்கள் அண்ணனையும் இந்த இழைக்கு அழைத்து வாருங்கள், பஞ்சாயத்துப் பேசலாம்.

கப்பல்காரன்

தூத்துக்குடிக்காரன். வணிகக் கப்பலில் காலம் தள்ளியவன். இங்கே எல்லாரும் பிரிட்டன், அமெரிக்கா என்று இடவரிசையையே பேசுகிறீர்கள். யாரிடம் பேர் வாங்கவில்லை என்று முதலில் சொல்லுங்கள்.

யூரியா ஹீப் என்ற பிரிட்டிஷ் குழுவை எடுத்துக்கொள்வோம். ‘இந்தக் குழு தேறிவிட்டால் நான் தற்கொலை செய்துகொள்ள வேண்டியதுதான்’ என்ற பொருளில் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையில் ஒரு விமர்சகர் எழுதினார். முதல் ஆல்பத்துக்கே இந்த வரவேற்பு. அதற்குப் பிறகும் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அவர்கள் கேலிப்பொருள்தான்.

ஆனால் பல்கேரியாவுக்குப் போய்ப் பாருங்கள். 1971இல் வந்த ‘ஜூலை மார்னிங்’ என்ற பத்து நிமிடப் பாட்டு அங்கே ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. ஜூன் 30 இரவு இளைஞர்கள் கருங்கடல் கரைக்குப் புறப்பட்டுப் போவார்கள். விடிய விடியத் தீ மூட்டிப் பாடிக்கொண்டிருந்துவிட்டு ஜூலை முதல் தேதி சூரியன் எழுவதைப் பார்ப்பார்கள். எண்பதுகளில், கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில், சொல்லாமல் சொல்லும் ஓர் எதிர்ப்பாக இது தொடங்கியது. வார்னா துறைமுகத்தில் எங்கள் கப்பல் நின்ற ஒரு கோடையில், சரக்கு இறக்கும் தொழிலாளி ஒருவர் என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்த இரண்டே சொற்கள் அந்தப் பாட்டின் தலைப்புதான். ஹீப்பின் பிற்காலப் பாடகர் ஜான் லாட்டன், கமென் பிரியாக் என்ற கடலோரக் கிராமத்தில் விடியற்காலையில் அந்தப் பாட்டைப் பாடிய ஒளிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன.

பாட்டின் கடைசி நான்கு நிமிடம், மான்ஃப்ரெட் மான் என்ற இசைக்கலைஞர் வாசித்த மூக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி. சுற்றிச் சுற்றி ஒரே சுழற்சி. அதைச் சலிப்பு என்று சொல்பவர்கள் உண்டு. இரவுக் காவலில் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டிருந்தால் சொல்ல மாட்டார்கள்.

கிட்வே பொடியன்

கப்பல்காரன் அண்ணை சொன்னதுதான் சரி. இன்னும் தெற்கே வாருங்கள்.

என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ஜாம்பியாவுக்குக் கணித ஆசிரியராகப் போனவர். அந்தக் காலத்தில் எங்கள் ஊரிலிருந்து பல ஆசிரியர்கள் அப்படிப் போனார்கள். கிட்வே, செப்புச் சுரங்கங்கள் உள்ள பகுதி. நான் அங்கே சிறுவனாக இருந்தபோது ஊரில் எங்கு பார்த்தாலும் கிதார். சுரங்கச் சம்பளம் நன்றாக இருந்தது, இசைக்கருவி வாங்க இளைஞர்களிடம் காசு இருந்தது. வானொலியில் பெரும்பங்கு உள்நாட்டு இசையாகவே இருக்க வேண்டும் என்று அதிபர் கென்னத் கவுண்டா உத்தரவு போட்டிருந்தார். ஜிமி ஹென்ட்ரிக்ஸையும் ரோலிங் ஸ்டோன்ஸையும் கேட்டு வளர்ந்த பையன்கள், தங்கள் ஊர்த் தாளத்தையும் கரகரத்த ஒலி எழுப்பும் ஃபஸ் கிதாரையும் கலந்து ஒன்றை உருவாக்கினார்கள். அதற்கு ‘ஜாம்ராக்’ என்று பெயர்.

முதன்மையானது விட்ச் என்ற குழு. பாடகர் இம்மானுவேல் சாண்டாவை எல்லாரும் ‘ஜகாரி’ என்றுதான் அழைப்பார்கள், மிக் ஜாகரிலிருந்து வந்த பட்டப்பெயர். அவர்களின் ‘லேசி போன்ஸ்’ 1975இல் வந்தது. அமனாஸ் குழுவின் ‘ஆப்பிரிக்கா’வும் அதே ஆண்டு. பால் ங்கோசி, ரிக்கி இலிலோங்கா, கீத் ம்லேவு என்று இன்னும் பலர். ங்கோசியின் கிதார் எங்கள் பக்கத்து வீட்டு வானொலியில் ஒலித்தால், என் அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவார். அப்பா திறந்துவிடுவார்.

எழுபதுகளின் நடுவில் செம்பு விலை சரிந்தது. பெட்ரோல் விலை ஏறியது. அக்கம்பக்கத்து நாடுகளில் போர். இரவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததால் இசை நிகழ்ச்சிகளைப் பகலிலேயே வைத்தார்கள். காசில்லாத ஊரில் யார் தட்டு வாங்குவது? இருந்தவற்றையும் கள்ளக் கேசட் தின்றது. எண்பதுகளில் எய்ட்ஸ் வந்தது. ஜாம்ராக் கலைஞர்களில் மிகப் பலரை அந்த நோய் கொண்டுபோனது. விட்ச் குழுவின் ஆரம்பகால உறுப்பினர்களில் ஜகாரி மட்டுமே எஞ்சினார். அவர் ரத்தினக்கல் தேடி மண் தோண்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். 2010க்குப் பிறகு ஓர் அமெரிக்க நிறுவனம் பழைய தட்டுகளை மறுபதிப்புச் செய்தபோதுதான் வெளியுலகம் கண்டது. 2019இல் அவரைப் பற்றி ஆவணப்படம் வந்தது, 2023இல் புதிய ஆல்பமே வந்தது.

சந்தேகம் அண்ணை, இவர்களுக்கும் இடவரிசை பார்த்துச் சொல்லுங்கள்.

சந்தேகப் பேர்வழி

வாயை மூடிக்கொண்டேன். ‘லேசி போன்ஸ்’ இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. டிரம்ஸ் வாசிப்பவர் கொஞ்சம் அவசரக்காரர், ஆனால் அந்த அவசரம் பிடித்திருக்கிறது.

ஹூக்ளிக் கரை

கொல்கத்தாவில் வாழும் தமிழன் நான். நம் நாட்டை யாருமே சொல்லவில்லையே?

ஒரு சிகரெட் நிறுவனம் நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டியில் பாடிய குழுக்களை வைத்து 1970இலும் 1971இலும் இரண்டு தட்டுகள் வந்தன. இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்காக அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அவை பெரிதாகப் பிடிக்காது. பெரும்பாலும் நகல். நல்ல நகல்தான், ஆனாலும் நகல்.

மொஹினேர் கோராகுலி வேறு ரகம். 1975இல் கௌதம் சட்டோபாத்யாய் தொடங்கியது. நக்சல்பாரி இயக்கத்தில் இருந்து, சிறைக்குப் போய்த் திரும்பியவர் அவர். குழுவின் பெயரே ஜீவனானந்த தாஸின் கவிதை வரி ஒன்றிலிருந்து எடுத்தது. பாவுல் என்ற வங்காள நாட்டுப்புறப் பாட்டும் ஜாஸும் ராக்கும் கலந்து, நகரத்து வாழ்க்கையை வங்காளத்தில் பாடினார்கள். 1977, 1978, 1979 என்று மூன்று சிறு தட்டுகள். சினிமாப் பாட்டும் ரவீந்திர சங்கீதமும் ஆண்ட காலத்தில் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான் அதிகம். 1981இல் கலைந்துவிட்டார்கள். 1995இல் கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் வெளியான ஒரு தொகுப்பு எல்லாவற்றையும் மாற்றியது. அதற்குப் பிறகு வந்த வங்காளக் குழுக்கள் அனைத்தும் இவர்களை முன்னோடி என்கின்றன. அவர்களின் ‘பிருதிபி’ பாட்டின் மெட்டுதான் 2006இல் ‘கேங்ஸ்டர்’ என்ற இந்திப் படத்தில் புகழ்பெற்றது. கௌதம் அதைப் பார்க்க இல்லை, 1999இலேயே இறந்துவிட்டார்.

எங்கள் தெருத் தேநீர்க் கடையில் கல்லூரி மாணவர்கள் இன்றும் கிதாரோடு உட்கார்ந்து ‘பிருதிபி’ பாடுகிறார்கள். நான் வங்காளம் கற்றுக்கொண்டதே அந்தப் பாட்டின் சொற்களைப் புரிந்துகொள்ளத்தான். என் மனைவி வங்காளி என்பதால் வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பக்கம் பி

ஹூக்ளிக் கரை, கடைசி வரியை உங்கள் மனைவி படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் குறைந்துவிட்டதால் நான் கொஞ்சம் கூட்டுகிறேன். பட்ஜி. கார்டிஃப் நகரத்து மூவர். பிளாக் சபாத்தின் முதல் மூன்று ஆல்பங்களைத் தயாரித்த ரோட்ஜர் பெய்ன்தான் 1971இல் இவர்களின் முதல் ஆல்பத்தையும் தயாரித்தார். அதே கனம், ஆனால் முகத்தில் சிரிப்போடு. பாட்டுத் தலைப்புகளைப் பார்த்தாலே தெரியும், ‘மூளை அறுவைச் சிகிச்சைக்கு அவசரப் பயிற்சி’ என்ற பொருளில் ஒன்று இருக்கிறது. அதையும் ‘பிரெட்ஃபேன்’ பாட்டையும் மெட்டாலிகா மறுபடி பாடிய பிறகுதான் உலகம் இவர்களைத் தேடியது. அதற்கு முன்பே போலந்து தேடியிருந்தது. 1982இல் ராணுவச் சட்டம் அமலில் இருந்த போலந்துக்குப் போய் வாசித்துவிட்டு வந்தவர்கள் இவர்கள். பாஸும் குரலுமாக இருந்த பர்க் ஷெல்லி 2022 ஜனவரியில் காலமானார்.

சந்தேகப் பேர்வழி

அந்தக் குரலை எப்படித்தான் சகித்துக்கொள்கிறீர்களோ. ரீங்காரம் போடும் கிதாருக்கு மேலே பூனையின் வாலை மிதித்ததுபோல.

ஏழாம் தந்தி

பட்ஜியைப் புதிதாகக் கேட்பவர்கள் 1973இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் தொடங்குங்கள். ரோஜர் டீன் வரைந்த உறை. முதல் பாட்டு ‘பிரெட்ஃபேன்’, அது அடித்துத் தள்ளிவிடும். கடைசிப் பாட்டு ‘பேரன்ட்ஸ்’, பத்து நிமிடம், அதை அவசரப்படாமல் தனியாகக் கேளுங்கள். சந்தேகம் ஐயாவும் இதைச் செய்துவிட்டு வந்து பேச வேண்டும்.

சந்தேகப் பேர்வழி

கேட்டுவிட்டேன். ‘பேரன்ட்ஸ்’ நல்ல பாட்டு, கடைசிக் கிதார்ப் பகுதியை இரண்டாம் முறையும் கேட்டேன். பூனை பற்றிய கருத்தில் மாற்றமில்லை.